மேஜரின் வலது கை

குடமிளகாயின் காம்பை வெட்டாமல், அடியில் ஒரு சின்னத் துளை மட்டும் போட்டு, அதற்குள் நீளமான இடுக்கியை விட்டு விதைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக்கொண்டிருக்கிறார் மேஜர். மணி காலை ஆறரை. சமையலறை மேடையில் செய்தித்தாள் விரித்திருக்கிறது. இடுக்கி, ஆஸ்பத்திரியில் தேய்ந்துபோனது என்று கழித்துப் போட்டது. இதுவரை பதினேழு விதை வந்தாயிற்று. மிளகாயின் உள்தோலில் கீறல் விழக் கூடாது. விழுந்தால் அது செத்த நோயாளிக் கணக்கில் சேர்ந்து சமையலுக்குப் போய்விடும். கீறல் விழாததும் கடைசியில் சமையலுக்குத்தான் போகிறது என்பது வேறு விஷயம்.

"என்னங்க, இந்த வாரத்துல இது ஒன்பதாவது. பொழைச்சதும் தட்டுக்கு வருது, செத்ததும் தட்டுக்கு வருது. குடமிளகாயைப் பார்த்தாலே எனக்குக் குமட்டுது," என்கிறார் மனைவி.

"சத்தம் போடாதம்மா. நான் மூத்திரப்பைக்குள்ள இருக்கேன்."

மேஜருக்கு வயது நாற்பது. ராணுவ மருத்துவமனையின் யூராலஜி பிரிவில், அதாவது கிட்னிக் கல், மூத்திரக் குழாய் அடைப்பு என்று வருபவர்களைப் பார்க்கும் பிரிவில், முதலாண்டு பயிற்சி டாக்டர். கூடப் படிப்பவர்களுக்கு இன்னும் முகப்பரு போகவில்லை. இவருக்கு முன்தலை முடி போய்விட்டது. பதினோரு வருடம் முகாம் முகாமாகச் சுற்றி, சிப்பாய்களின் கால் கொப்புளத்துக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுத்துவிட்டு, விண்ணப்பிக்க வயது வரம்பு முடிய மூன்று வாரம் இருக்கும்போது மனுப் போட்டு உள்ளே வந்தவர். கடைசி பஸ்ஸின் படிக்கட்டில் தொற்றிக்கொண்ட கதை.

முகாம் பழக்கங்கள் இன்னும் விடவில்லை. தேநீரை நின்றுகொண்டேதான் குடிப்பார். துண்டை நாலாக மடித்து, விளிம்புகளைத் தடவிப் பார்த்து, திருப்தி இல்லையென்றால் பிரித்து மறுபடி மடிப்பார். வீட்டிலிருந்து மனைவி போன் செய்தால்கூட "ம், ரிப்போர்ட்," என்றுதான் எடுப்பார். மனைவியும் சளைத்தவரல்ல. "பால் தீர்ந்து போச்சு. நிலைமை கட்டுக்குள் இல்லை. உடனே ஆள் அனுப்பவும்," என்பார்.

அறுவை அரங்கின் வாசலில் தரையில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அதைத் தாண்டினால் வெளிச் செருப்பு கூடாது, வெளி உடுப்பு கூடாது. பதவியும் கூடாது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே பச்சைச் சட்டையில் நிற்கும்போது நட்சத்திரத்தை எங்கே குத்திக்கொள்வது? இங்கே மேஜருக்குச் சொல்லிக்கொடுப்பவர் இருபத்தொன்பது வயதுப் பெண், ஒரு கேப்டன். பதவியில் இவருக்கு ஒரு படி கீழே, பயிற்சியில் இரண்டு வருடம் மேலே. கோட்டுக்கு வெளியே கேப்டன் விறைத்து நின்று மேஜருக்கு சல்யூட் அடிக்க வேண்டும். மேஜர் பதிலுக்கு அடிக்கும்வரை கையை இறக்கவும் கூடாது. கோட்டைத் தாண்டி ஒரு அடி வைத்துவிட்டால், கேப்டன் திட்டுவதை மேஜர் தலை குனிந்து கேட்டுக்கொள்ள வேண்டும்.

"வெளியில அடிச்ச சல்யூட்டுக்கெல்லாம் சேர்த்து உள்ள திட்டிடறேன் சார். மனசுல வெச்சுக்காதீங்க," என்று முதல் நாளே சொல்லிவிட்டார் கேப்டன்.

"தாராளமா திட்டுங்கம்மா. கோட்டுக்கு உள்ள நீங்கதான் எனக்கு ஜெனரல்."

மேஜரிடம் படிப்புக்குக் குறைவில்லை. நிதானத்துக்கும் குறைவில்லை. கோளாறெல்லாம் அவருடைய வலது கையில்தான். பெரிய அதிகாரி யாராவது கண்ணில் பட்டால் போதும், அது மூளையை ஒரு வார்த்தை கேட்காமல் நெற்றிக்குப் போய்விடும். பத்தொன்பது வயதில் பயிற்சி மைதானத்தில் ஏறிய பழக்கம். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள்; இந்த மைதானப் பழக்கம் ஆபரேஷன் மேஜை மட்டும் வந்துவிட்டது. தலையில் தொப்பி இல்லாவிட்டால் சல்யூட் அடிக்க வேண்டியதில்லை என்பது விதி. அறுவை அரங்கிலோ முடியை மூடிக்கொள்ளத் துணித் தொப்பி ஒன்று உண்டு. "தொப்பின்னா தொப்பிதானே," என்பார் மேஜர், கையின் சார்பில் ஆஜரான வக்கீல்போல.

முதல் தடவை அது நடந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஐந்து நிமிடம் கை கழுவி, கிருமி நீக்கிய அங்கியும் கையுறையும் மாட்டி, இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அப்படி நிற்பவர் தன் தொப்பியை ஒரு விரலால் தொட்டால்கூடச் சுத்தம் போயிற்று, எல்லாம் முதலிலிருந்து. துறைத் தலைவரான கர்னல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேஜரின் வலது கை விருட்டென்று நெற்றியில் போய் ஒட்டிக்கொண்டது.

"சார், கை!" என்றார் கேப்டன். "போச்சு. வெளிய போய் மறுபடி கழுவிட்டு வாங்க."

உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து மேஜர் வெளியே போனார். போகும் முன், உத்தரவை ஏற்றதற்கு அடையாளமாகக் கேப்டனுக்கும் ஒன்று அடித்துவிட்டுத்தான் போனார்.

இரண்டாவது தடவை யாரும் சிரிக்கவில்லை. கையில் ஸ்கோப் இருந்தது. மூத்திர வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் மெல்லிய குழாய்க் கருவி அது. நுனியில் காமிரா, பக்கத்தில் தண்ணீர்க் குழாய். கர்னல் வந்தார், கை எழுந்தது, கருவியும் கூடவே எழுந்தது, தண்ணீர் பீய்ச்சியடித்துக் கர்னலின் சட்டை நனைந்தது. நல்லவேளை, கருவியை இன்னும் நோயாளிக்குள் விட்டிருக்கவில்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

கர்னல் சட்டையைத் துடைத்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல் பேசினார். உயர்த்தியிருந்தால் தேவலை.

"மேஜர், இது உள்ள இருக்கும்போது உங்க கை இப்படிப் போயிருந்தா அந்தப் பையனோட குழாய் கிழிஞ்சிருக்கும். அடுத்த செவ்வாய்க்கிழமை உங்க ஆறு மாச மதிப்பீடு. ஒரு கல்லை நீங்களே தனியா எடுக்கணும். அன்னைக்குத்தான் ஜெனரலும் பார்வையிட வர்றார், என்னால தள்ளிப்போட முடியாது. கை மேல போச்சுன்னா, நீங்க மூட்டையைக் கட்டிக்கிட்டு முகாமுக்கே போயிடலாம்."

அன்று வீட்டுக்கு வந்த மேஜர் தேநீரை உட்கார்ந்து குடித்தார். மனைவிக்கு அதிலேயே விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது. அவர் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. ஒரே விசிலில் ஐந்நூறு பிள்ளைகளை அசையாமல் நிறுத்துபவர். கட்டிய புருஷனின் ஒரு கையை நிறுத்த முடியாதா என்ன?

மறுநாள் காலை மேஜர் குடமிளகாய்க்குள் இருந்தபோது, அவருடைய ராணுவத் தொப்பியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மனைவி சமையலறைக்குள் நுழைந்தார். "ஜெனரல் வர்றார்!" என்று ஒரு கத்தல். கை எழுந்தது, இடுக்கி எழுந்தது, குடமிளகாய் ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடிக்குப் போனது. அன்றைக்கு மட்டும் பதினொரு தடவை ஜெனரல் வந்தார். பதினொரு தடவையும் மரியாதைக்குக் குறைவில்லை.

இரண்டாம் நாள் பள்ளிக்கூடத்திலிருந்து ஸ்கிப்பிங் கயிறு கொண்டுவந்து, மேஜரின் வலது முழங்கையை விலாவோடு சேர்த்துக் கட்டிவிட்டார். நாலாம் நாள் கயிற்றை அவிழ்த்தபோது கை பாதி தூரம் போய்த் திரும்பியது. ஜெனரல் குளியலறைக்கு வெளியே காத்திருந்தார். அலமாரிக்குப் பின்னாலிருந்து வந்தார். ஒருநாள் காய்கறிக் கடையில் மனைவி பின்னாலிருந்து "ஜெனரல்!" என்று சட்டென்று கத்தியபோது மேஜர் அசையவே இல்லை. கடைக்காரர்தான் எழுந்து நின்று ஒரு சல்யூட் அடித்தார்.

"எதுக்குங்க இந்தப் பாடு?" என்று மனைவி ஒரே ஒரு தடவை கேட்டார். "முகாமுக்கே போனாலும் சம்பளம் அதேதானே?"

மேஜர் இடுக்கியைக் கீழே வைத்தார். "மலை மேல இருந்தப்போ ஒரு சமையல்காரப் பையன் வந்தான். பட்டாணி அளவு கல்லும்மா. பனியில ஹெலிகாப்டர் வரலை. ரெண்டு நாள் அவன் தலையணையைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தான். நான் ஊசி போட்டேன், கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அதுக்கு டாக்டர் எதுக்கு? அவன் கூட்டாளிகளே போதும். எனக்கு வெட்கமா இருந்துச்சு."

மறுநாள் மனைவி வாங்கி வந்த குடமிளகாய்கள் வழக்கத்தைவிடப் பெரியவையாக இருந்தன.

செவ்வாய்க்கிழமை மேஜையில் கிடந்தவர் ஒரு ராணுவ லாரி டிரைவர். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. மேல்பாதிக்கு நல்ல விழிப்பு, அதைவிட நல்ல வாய்.

"சார், உங்களுக்கு இது எத்தனாவது கேஸ்?" என்றார் திரைத்துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"குடமிளகாயையும் சேர்த்தா அறுபத்திரெண்டு," என்றார் மேஜர். பொய் சொல்லத் தெரியாதவர். கேப்டனுக்கு இருமல் வந்துவிட்டது.

ஸ்கோப் மூத்திரப்பையைக் கடந்து, கிட்னியிலிருந்து இறங்கும் மெல்லிய குழாய்க்குள் ஏறியது. திரையில் இளஞ்சிவப்புச் சுவர்கள், அவற்றுக்கு நடுவே மஞ்சளாக, முண்டும் முடிச்சுமாகக் கல். மேஜரின் இடது கையில் ஸ்கோப். வலது கையில், தலைமுடி கனத்தில் கம்பிகள் பின்னிய ஒரு குட்டிக் கூடையின் பிடி. கூடை விரிந்தது, கல்லைச் சுற்றிக்கொண்டது, மூடியது. இனி அதை வெளியே கொண்டுவர வேண்டும். அவசரப்பட்டு வெடுக்கென்று இழுத்தால் கல்லோடு குழாயும் கிழிந்து வரும்.

"இழுக்காதீங்க சார். கூப்பிடுங்க," என்றார் கேப்டன்.

"வாடா ராஜா," என்றார் மேஜர். "மெதுவா வாடா."

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. பச்சை உடையும் துணித் தொப்பியும் மாட்டிக்கொண்டிருந்தாலும் அந்த நடையிலேயே தெரிந்துவிட்டது, வந்தது ஜெனரல். சுவரோரம் நின்றவர்கள் விறைத்தார்கள். கர்னலும் விறைத்தார். ஆனால் அவர் கண் ஜெனரலிடம் போகவில்லை. மேஜரின் வலது கையிலேயே நின்றது. அந்தக் கை இப்போது எழுந்தால், ஒரு மனிதனின் குழாயும் இன்னொரு மனிதனின் கடைசி வாய்ப்பும் சேர்ந்து கிழியும்.

முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தது. கட்டியிருக்கும் கயிறு கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். ஒரு விரல்கூட அசையவில்லை. திரையில் கல் மட்டும் அங்குலம் அங்குலமாக இறங்கிக்கொண்டிருந்தது.

"யார் இவர்?" என்றார் ஜெனரல், புருவத்தை உயர்த்தி. "திரும்பிக்கூடப் பார்க்கலையே?"

"மன்னிக்கணும் சார்," என்றார் கர்னல். "அவர் இப்ப இங்க இல்லை. குழாய்க்குள்ள இருக்கார்."

ஜெனரல் ஒரு கணம் யோசித்தார். பிறகு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மற்றவர்களைப் போலவே திரையைப் பார்த்தபடி நின்றார். அவரும் காத்திருந்தார். கடைசியில் எஃகுக் கிண்ணத்தில் 'டிங்' என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது.

"இவ்வளவுதானா சார்?" என்றார் டிரைவர், ஏமாந்துபோன குரலில். "இந்தத் துளியூண்டுக்கா நான் லாரியை நிறுத்திட்டு ரோட்டுல உருண்டேன்?"

கர்னல் மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடும்போது, "அடுத்த வாரம் ரெண்டு கேஸ் தர்றேன். என் சட்டைக்கு மட்டும் உத்தரவாதம் குடுங்க," என்றார். மேஜர் கண் ஓரத்தைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது கேப்டன் அவருக்கு முன்பே சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றிருந்தார். தலையில் இன்னும் அந்தத் துணித் தொப்பி. மேஜர் கோட்டுக்கு இந்தப் பக்கம் காலை வைத்ததும், கேப்டன் குதிகாலைச் சேர்த்து, மார்பை நிமிர்த்தி, கச்சிதமாக ஒரு சல்யூட் அடித்தார்.

"தொப்பின்னா தொப்பிதான் சார்."

மேஜர் நின்றார். முழங்கை விலாவோடு ஒட்டியபடியே இருந்தது. பதில் சல்யூட் வரவில்லை. ஒரு நிமிடம் ஆயிற்று.

"சார், கோட்டைத் தாண்டிட்டீங்க," என்றார் கேப்டன், நெற்றியிலிருந்து கையை இறக்க முடியாமல். "எனக்குக் கை வலிக்குது."

மேஜர் குனிந்து தன் வலது கையைப் பார்த்தார். விரலை ஆட்டிப் பார்த்தார், ஆடியது. ஆனால் மேலே வர மாட்டேன் என்றது. பிறகு இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, இழுக்காமல், மெல்ல மெல்லக் கூப்பிட்டுக்கொண்டு போய், நெற்றியில் வைத்தார்.