ஓவியத்தின் முதுகில் இருந்த சீட்டு

ஜெர்மனியின் எசன் நகரில் ஓவியங்களுக்குப் பிரேம் போடும் பட்டறையில் முப்பது வருடம் வேலை செய்தேன். தொழிலுக்கு வரும் பிள்ளைகள் முன்பக்கத்தைத்தான் படிக்கிறார்கள். இம்ப்ரெஷனிஸ்டுகள் வெளிச்சத்தை வரைந்தார்கள். பின்னால் வந்த எக்ஸ்பிரஷனிஸ்டுகள் மனதுக்குள் இருந்த பயத்தை வரைந்தார்கள். நாஜிகள் அதைச் சீரழிந்த கலை என்று சுவரிலிருந்து இறக்கினார்கள். எல்லாம் சரி. யாருடைய சுவரிலிருந்து? அது பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் இருக்கும்.

போன மாசியில் வயதான பெண் ஒருவர் பட்டறைக்கு வந்து பழைய புகைப்படம் ஒன்றைக் காட்டினார். சாப்பாட்டறைச் சுவரில் கோணல் முகத்தோடு ஒரு பெண்ணின் ஓவியம்.

"என் தாத்தாவுடையது. யூதர் என்று பறித்துக்கொண்டார்கள். இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓவியர் இதே பெண்ணை மூன்று தரம் வரைந்திருக்கிறார், தாத்தாவுடையது வேறாக இருக்கலாம் என்று அங்கே சொல்கிறார்கள். பின்னால் தாத்தாவின் பெயர்ச்சீட்டு இருக்க வேண்டும். அதைக் காணோம். கடைசியாகப் பிரேமைத் திறந்தது உங்கள் பட்டறைதானாம்."

திறந்தது நான். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். முதலாளி தூசி தட்டத்தான் சொன்னார். நானோ, பளிச்சென்று கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்குவார் என்று, ஒட்டியிருந்த சீட்டுகளை நனைத்துச் சுரண்டி எறிந்துவிட்டுப் புதுத்தாள் ஒட்டினேன். மடையன்!

விசாரித்துச் சொல்வதாக அவரை அனுப்பிவிட்டு, வீட்டில் மனைவியிடம் சொல்லி, என்ன செய்வது என்று கேட்டேன்.

"இஞ்சருங்கோ, பென்ஷனுக்கு நாலு மாதம் கிடக்கு. பேசாமல் இருங்கோ. ஒருத்தருக்கும் தெரியாதுதானே."

"எனக்குத் தெரியுமப்பா."

"அப்ப என்னட்டை ஏன் கேக்கிறியள்?" என்று எழுந்து போய்விட்டாள். எங்கள் அகதி விண்ணப்பத்தில் ஒரு பத்திரம் குறைந்ததற்கு எத்தனை வருடம் அலைந்தோம் என்று அவளுக்கும் தெரியும்.

மறுநாள் அந்தப் பெண்ணையும் வரச்சொல்லி, அவர் முன்னாலேயே அருங்காட்சியகத்தாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"சீட்டில் என்ன எழுதியிருந்தது?" என்று கேட்டார் அந்தப் பெண்.

"நீலக்கரை போட்ட சீட்டு. கையெழுத்து. நான் இந்த நாட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் அப்போது. ஜெர்மன் வாசிக்கத் தெரியாது."

தாத்தாவின் பெயரை ஒரு தாளில் எழுதி என் பக்கம் தள்ளினார். "இப்படியா இருந்தது?"

தலையாட்டி ஓம் என்று சொல்ல வாய் துடித்தது. அந்த ஒரு சொல்லில் நான் செய்த பாவம் கழிந்திருக்கும். ஆனால் அது பொய்.

"தெரியாது" என்றேன்.

அவர் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஓவியம் இன்றும் அங்கேதான் தொங்குகிறது.

பிள்ளைகளே, பின்பக்கத்தில் தூசியை மட்டும் தட்டுங்கள். உங்களால் வாசிக்க முடியாத சீட்டும் யாரோ ஒருவர் தேடி வரப்போகும் சீட்டுத்தான்.