நிப்பாட்டும் இடம்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு டீவியோடு ஒரு கொம்பியூட்டரைக் கொழுவியவர் மாமா. ஏதோ ஒரு கந்தோரில் கழித்துப் போட்ட பெட்டியை வாங்கி, பம்பலப்பிட்டியில் பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் தேடிப் பிடித்து, சாப்பாட்டு மேசையிலேயே இரண்டு கிழமை குடியிருந்தார். பெட்டிக்கு ஒரு பக்க மூடி இல்லை. பிஸ்கட் மட்டையை வெட்டி ஒட்டினார். அதன் முதுகிலிருந்து ஒரு மஞ்சள் வயர் டீவிக்குப் போனது.

இவ்வளவு பாடும் பெரியம்மாவுக்காக. யாழ்ப்பாணப் பாதை மூடிய பிறகு விமானத்தில் இரத்மலானைக்கு வந்து இறங்கியவர், கனடாவிலிருந்த மகளிடம் போக விசாவுக்குக் காத்திருந்தார். அந்த மகளின் கலியாண வீடியோ சீடியைச் சேலைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்திருந்தார். கீறல் விழுந்த சீடி, பிளேயரில் ஓடவில்லை. மாமா எப்படியோ அதைக் கொம்பியூட்டருக்குள் ஏற்றிவிட்டார்.

கீபோர்ட் என் மடியில் இருக்கும். எனக்குப் பத்து வயது. பெரிய உத்தியோகம் கிடைத்த நினைப்பு. தினமும் பின்னேரம் ஆறு மணிக்குக் கலியாணம் ஓடும். பந்தலுக்குள் கலியாணப் பொம்பிளையின் தம்பி சர்பத் தட்டத்தோடு வந்து, கமராவைப் பார்த்துச் சிரிப்பார். பெரியம்மாவின் ஒரே மகன், எனக்கு அண்ணா.

"அதிலை நிப்பாட்டு பிள்ளை."

நிறுத்துவேன். பெரியம்மா பார்த்துக்கொண்டே இருப்பார். "சரி" என்ற பிறகுதான் மிச்சக் கலியாணம். அது முடிந்தால்தான் என் கார்ட்டூன். அதனால் அந்த அண்ணாமேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சலும் இருந்தது.

அண்ணா வன்னியில் இயக்கத்தில் இருந்தார். அதை வெளியே மூச்சுவிடக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தார். சோதனைச் சாவடிகளுக்குப் பயந்து அவருடைய படங்களையெல்லாம் பெரியம்மா எரித்துவிட்டே வந்திருந்தார். வடக்கிலிருந்து வருபவர்கள் செய்யவேண்டிய பொலிஸ் பதிவுக்குப் போனபோதும் பெரியம்மாவுக்கு ஒரே மகள், வேறு பிள்ளைகள் இல்லை என்றே மாமா சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிறு காலை எங்கள் ஒழுங்கையை இரண்டு முனையிலும் மறித்துச் சோதனை நடந்தது. உள்ளே வந்த இளம் பொலிஸ்காரர் மட்டை ஒட்டிய பெட்டியையும் வயர்களையும் கண்டு நின்றுவிட்டார். "மே மொகக்த?" இது என்ன என்ற கேள்விக்கு மாமா, டீவியில் படம் பார்க்கத்தான் என்று சிங்களத்தில் தடுமாறி விளக்கினார். பொலிஸ்காரர் போட்டுக் காட்டச் சொன்னார். உத்தியோகம் என்னுடையது அல்லவா? கலியாணத்தைப் போட்டேன். பொலிஸ்காரர் கதிரை நுனியில் உட்கார்ந்து, மேளச்சத்தத்துக்குத் தலையாட்டிக்கூடப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

சர்பத் தட்டம் வந்தது. யாரும் சொல்லாமலே என் விரல் நிறுத்தும் பொத்தானை அமத்திவிட்டது. டீவி முழுக்க அண்ணாவின் சிரிப்பு.

"மே கவுத?"

யார் இது என்று அவர் கேட்டபோது பெரியம்மா தரையைப் பார்த்தார். மாமாதான் முந்திக்கொண்டார். "கேம பெதன கொல்லெக், சேர்." பந்தியில் பரிமாற வந்த ஒரு பெடியன், அவ்வளவுதான். பொலிஸ்காரர் எழும்பிப் போய்விட்டார்.

எனக்கு ஒருவரும் ஏசவில்லை. மத்தியானம் பெரியம்மா மாமாவிடம் வந்து நின்றார்.

"அவன் வாற இடத்தை மட்டும் வெட்டிவிடு தம்பி. இனியும் ஆராவது கேட்டால் என்னெண்டு சொல்லுவாய்?"

"அக்கா, வேறை படமும் இல்லையே."

"ஓம். வெட்டு."

மாமா வெட்டினார். சீடியைப் பெரியம்மா தன் கையாலேயே உடைத்தார். அம்மா குசினிக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நெடுநேரம் நின்றார்.

அன்று பின்னேரமும் ஆறு மணிக்குக் கலியாணம் ஓடியது. பந்தல் வந்தது. ஒரு துள்ளல், அடுத்தது வாழைமரமும் வெறும் கதிரைகளும்.

"அதிலை நிப்பாட்டு பிள்ளை."

"அதிலை ஒண்டும் இல்லையே பெரியம்மா. மாமா வெட்டிப்போட்டார்."

"தெரியும். நீ நிப்பாட்டு."

நிறுத்தினேன். பெரியம்மா வழக்கம்போலப் பார்த்துக்கொண்டிருந்தார். வெறும் கதிரைகளில் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. சுவரில் மணிக்கூடு என் கார்ட்டூன் நேரத்தைத் தாண்டிவிட்டிருந்தது. இன்றைக்கும் நினைக்க வெட்கமாக இருக்கிறது. அவர் "சரி" என்று சொல்லுமுன்பே நான் பொத்தானை அமத்திவிட்டேன்.