ஒன்பதுக்கு அடுத்தது பத்து

ரோஸ்மேரி போய்விட்டாள். போன வாரம் அவள் மகள் போனில் சொன்னதும், "சும்மா விளையாடாதே" என்று கத்திவிட்டேன். டெல்லி ஆபீசில் எங்களோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும், அவளுக்கும் அமைதிக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது.

எண்பதுகளில், எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கு நேர்முகத் தேர்வுப் பட்டியல் அடிக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் எங்களிடம் இருந்தது. சர்நேம், அதாவது குடும்பப் பெயர், இல்லாத மனிதப் பிறவி உண்டு என்றே அதற்குத் தெரியாது. நம்மூர்ப் பிள்ளைகளுக்கு இனிஷியலும் பெயரும்தானே? சர்நேம் இடம் காலியாக இருந்தால் ஆளையே தள்ளிவிடும். தேறியும் வேலை போச்சு! நாகர்கோவில்காரியான ரோஸ்மேரிக்கு ரத்தம் கொதித்தது. உட்கார்ந்து திருத்தினாள். பழைய பதிப்பு 1.9. அடுத்தது 1.10 என்று எண் போட்டு ஃப்ளாப்பியை மெட்ராசுக்கு அனுப்பினாள்.

பட்டியல் அடிக்க வேண்டிய அன்று காலை மெட்ராஸ் ஆபீஸ் சீனிவாசனிடமிருந்து டிரங்க் கால். "மேடம், மெஷின் ஏத்துக்க மாட்டேங்குது. ஏற்கெனவே இருக்கிறதுதான் புதுசாம்!"

எங்கள் அதிகாரி கபூர் சாப், "பழையதிலேயே அடிக்கட்டும், ஜல்தி" என்றார்.

ரோஸ்மேரி தன்னிடமிருந்த நகல் ஃப்ளாப்பியை நீட்டி, "லேபிளைப் படிங்க, சார்" என்றாள். பள்ளிக்கூடக் கணக்குப் போல அவர் படித்தார்: "ஒன்று புள்ளி ஒன்று பூஜ்யம்."

ரோஸ்மேரி மேஜையில் ஓங்கி ஓர் அடி அடித்தாள்! என் டீ கவிழ்ந்தது. "மக்கா, மெஷினும் அப்படித்தான் படிச்சிருக்கு! தசமப் புள்ளின்னு நெனச்சிட்டு, ஒண்ணு புள்ளி ஒண்ணு, ஒண்ணு புள்ளி ஒம்பதைவிடச் சின்னதுங்குது. இது வீட்டு நம்பர் மாதிரிலா!" என்னைக் காட்டினாள். " ஜனக்புரியில இவ வீடு ஒம்பது, பக்கத்து வீடு பத்து. தபால்காரர் பத்தைத் தேடி ஒண்ணாம் நம்பருக்கா போவாரு?"

"எண்ணை 1.91 என்று மாற்றிவிடேன்" என்றேன்.

"இன்னைக்கு அதை ஏமாத்தினா, அடுத்த தடவையும் இதே எளவுதான்" என்றாள்.

பழைய பதிப்போடு ஒப்பிடும் புரோகிராம் வரிகளை மெட்ராசிலேயே மாற்றச் சொன்னாள். புள்ளியில் வெட்டுங்க, முதலில் முன்பக்கத்தைப் பாருங்க, அது சமமானால் பின்பக்கத்தை முழு எண்ணாகப் பாருங்க என்று போனிலேயே கத்தினாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்காரி குறுக்கிட்டபோதெல்லாம், "ஏக் மினிட், பெஹன்ஜி!" என்று அக்காவாக்கிக் கெஞ்சினாள்.

மாலையில் போன் மணி அடித்தது. சீனிவாசன் பட்டியலைப் படிக்கப் படிக்க இவள் உரக்கத் திரும்பச் சொன்னாள். "எஸ். முருகேசன்! ஏ. பாத்திமா! டி. செல்லத்தாய்!" கபூர் சாப்கூட "அச்சா! அச்சா!" என்று கை தட்டினார். நானும் அவளும் கட்டிக்கொண்டு குதித்தோம். அப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தில்கூட இல்லை.

அடக்கத்துக்கு முன் கல்லறைத் தோட்ட ஆபீசில் குமாஸ்தா கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே, "சர்நேம்?" என்று கேட்டார். மகள் என்னைப் பார்த்தாள்.

"காலியாக விடுங்க, பாய் சாப்" என்றேன்.

விட்டார். திரையில் பெயர் வந்தது: பி. ரோஸ்மேரி.

மேஜையில் ஓங்கி ஓர் அடி அடித்தேன். "என்ன ஆன்ட்டி?" என்று மகள் பதறினாள். ஒன்றுமில்லை கண்ணே, உன் அம்மாவிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம்.