மூன்று நன்றியுரைகள்

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த சமயம், மேற்கு மாம்பலத்தில் ஒரு தொழிற்சங்க அலுவலகத்தின் மாடியறையில் நடந்தது இது.

நானும் அக்காவும் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் விற்பனையாளர்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. எங்கள் கடைக்கு ஸ்டூல்தான் வரவில்லை. நின்று நின்று அக்காவுக்குக் கால் நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் கடைத்தெருவில் மூன்று சங்கங்கள். மூன்றுக்கும் கொடி சிவப்பு, கோரிக்கையும் ஒன்றுதான். ஆனால் ஒருவரையொருவர் கண்டால் ஆகாது. மூவரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் ஆர்ப்பாட்டத்துக்கு அனுமதி கேட்க, சேர்ந்து வந்தால் உண்டு, இல்லாவிட்டால் யாருக்கும் கிடையாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. அதற்காகத்தான் மூன்று சங்கத் தலைவர்களும் உட்கார்ந்த அந்தப் பேச்சுவார்த்தை. வீட்டில் முதன்முதலாகப் படித்துப் பட்டம் வாங்கியவன் என்பதால் நோட்டீஸ் எழுதும் வேலை எனக்கு.

கோரிக்கைகளைச் சட்டென்று எழுதி முடித்தேன். ‘தலைமை’ என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. மூத்த சங்கம் நாங்கள் என்றார் ஒருவர். ஆள் பலம் எங்களுக்கு என்றார் இன்னொருவர். நீங்கள் இரண்டு பேருமே கொள்கையைத் திரித்தவர்கள், திரிபுவாதிகள் என்றார் மூன்றாமவர். எந்தக் காலத்திலோ கட்சி உடைந்த கதையெல்லாம் வந்தது. டீ ஆறிப்போனது. நன்றியுரை மட்டும் யாருக்கும் வேண்டாம். அதற்குள் கூட்டம் கலைந்துவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

அக்கா வேலை முடிந்து அப்போதுதான் வந்தாள். நாற்காலி காலியில்லை. சுவரில் சாய்ந்தபடி கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு சொன்னாள்:

“இன்னா தோழர், மூணு பேரும் நல்லா உக்காந்துகினு சண்ட போடுறீங்க. நான் காலைலேர்ந்து நின்னுகினு கீறேன்.”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்து தங்கள் நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்கள். எதில் உட்கார்ந்தாலும் அந்தச் சங்கத்தில் சேர்ந்ததாகிவிடும் என்று அவள் சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதுவரை அதிகம் கத்திய மூன்றாமவர்தான் இறங்கி வந்தார். “தலைமை இந்தத் தோழரே இருக்கட்டும். நன்றி நான் சொல்லிடுறேன்.”

ஆள் பலக்காரர் விடவில்லை. “விட்டுக்குடுத்த பேரு உங்களுக்கு மட்டுமா? நன்றி நாங்க சொல்றோம்.”

அடுத்த சண்டை அதற்கு ஆரம்பித்தது. மூத்த சங்கமும் சேர்ந்துகொண்டது. கடைசியில் மூன்று நன்றியுரை என்று எழுதினேன். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவர்களாலும்தான்.

ஆர்ப்பாட்டத்தன்று அக்கா மைக்கைப் பிடித்தாள். குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டது. மூன்று நன்றியுரையும் முடியும்வரை ஒருவரும் நகரவில்லை. அடுத்த மாதமே கடையில் ஸ்டூல் போட்டார்கள்.

மூவரும் இன்றைக்கும் ஒருவரையொருவர் திரிபுவாதி என்றுதான் சொல்கிறார்கள். என்ன, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுச் சொல்கிறார்கள். எல்லாக் கருத்தும் ஒன்றான பிறகுதான் சேருவோம் என்று அவர்கள் இருந்திருந்தால் அக்கா இன்னும் நின்றுகொண்டுதான் இருப்பாள் என்பது, யாரோடாவது நான் முறைத்துக்கொண்டு போகும்போதெல்லாம் நினைவுக்கு வந்து என்னைத் திரும்பி நடக்க வைக்கிறது.