மச்சாள் கையில் சிக்கிய ஹாம்

இன்று நத்தார், கிறிஸ்மஸ் விருந்துக்கென்று காலையிலிருந்து ஓவனோடு மாரடித்தேன். அன்னாசிச் சாற்றைச் சீனியோடு காய்ச்சித் திரும்பத் திரும்பப் பூசியதில் பன்றித் தொடை ஹாம் கண்ணாடி போல மினுங்கியது.

குளித்துவிட்டு வந்தால் அடுப்பில் கறி கொதிக்கிறது!

ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யிலிருந்து மெட்ரோ ரயிலில் வந்த மச்சாள், என் கணவரின் அக்கா, அகப்பையோடு நின்றார்.

"வெட்டிப் பாத்தனான். உள்ளுக்கை சிவப்பாக் கிடந்தது, அவியேல்லை. அதுதான் தூள் போட்டுக் கறியாக்கிட்டன்."

"ஐயோ மச்சாள், ஹாம் எண்டால் சிவப்பாத்தான் இருக்கும்! உப்பிலை ஊறின இறைச்சி!"

"உப்போ? நானும் அள்ளிப் போட்டிட்டனே."

சாப்பாட்டு மேசையில் முதல் வாயிலேயே மச்சாள் உப்புக் கரித்து முகத்தைச் சுளித்தார். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"இவளுக்கு இறைச்சி பாத்து வாங்கத் தெரியாது."

அடுத்த நத்தாருக்கு ஹாமும் என்னோடு குளியலறைக்கு வரும். வேறு வழி தெரிந்தவர்கள் கீழே சொல்லுங்கள்.