அரைப்பேர்

என் வீட்டுக்காரர் சூரியநெல்லிப் பக்கத்தில் ஓர் எஸ்டேட் பங்களாவில் பட்லர். வெள்ளைக்காரத் துரை இருந்தவரை, வெள்ளை உடுப்பைப் போட்டுக்கொண்டு மேசையில் தட்டு எடுத்து வைப்பதும் மற்ற வேலைக்காரர்களை விரட்டுவதும்தான் அவருக்கு வேலை. நான் மலையில் தேயிலைக் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன். வரிசையாகக் கட்டிய கூலிக்காரர் லயத்து வீட்டுக்குள் வரும்போதும் அவர் நடையில் துரைத்தனம் குறையாது. குனியாமல் நுழைந்து நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வார்.

ஐம்பதுகளின் நடுவில் துரை கப்பலேறினார். சமையல்காரரும் ஊரைப் பார்க்கப் போய்விட்டார். புதிதாக வந்த மானேஜர் பாலக்காட்டுப் பக்கம், மீனாட்சிபுரத்துக்காரர். பங்களாவுக்கு இத்தனை ஆள் எதற்கு என்று சமையலையும் பட்லர் தலையில் கட்டினார். இவர் சும்மா இருப்பாரா? "உடுப்பு வேற, அடுப்பு வேற சார்" என்று வாதாடி மாதம் பத்து ரூபாய் கூட்டி வாங்கிவிட்டார். அன்று சாயங்காலம் லயத்தில் அதைக் கேட்காத காதில்லை.

ஒரே ஒரு சங்கடம். சூப்பு, கட்லெட், புட்டிங் தவிர அவருக்கு ஒன்றும் சமைக்க வராது. மானேஜரின் மனைவி, புதுத் துரைசாணி, முதல் நாளே கேட்டது ரசம்.

"ஏ புள்ள, மத்தியானம் ஒரு எட்டு வந்து வச்சுக் குடுத்துரு. யாருக்கும் தெரியாது" என்று கெஞ்சினார்.

பாவமாகத்தான் இருந்தது. பின்வாசல் வழியாகப் போய் ரசமும் குழம்பும் வைத்துவிட்டு வந்தேன். அது தினப்படி வேலையாகிவிட்டது. எஸ்டேட்டில் ஒரு நாள் கூலியை ஒரு பேர் என்போம். பாதி நாளில் மலையை விட்டு இறங்கினால் கங்காணி அரைப்பேர்தான் போடுவார். ஆக, பங்களாவில் நல்ல பேர் அவருக்கு, கங்காணியிடம் அரைப்பேர் எனக்கு.

"என் கூலி பாதியாப் போகுதே, அதுக்கு என்ன சொல்லுதீக?" என்று கேட்டேன்.

"எல்லாம் ஒரே வீட்டுக்குத்தான வருது" என்றார்.

வரும் வழியில் சீட்டாட்டம் ஒன்று இருந்ததை அவர் சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட்டைக்கடி வாங்குவதும் நான், அடுப்பில் வேகுவதும் நான், காசு மட்டும் அவர் பையிலா?

மறுநாள் மத்தியானம் நான் மலையை விட்டு இறங்கவில்லை. கூடை நிறையக் கிள்ளி, முழுப்பேர் வாங்கிக்கொண்டு சாயங்காலம் நிம்மதியாக வீடு வந்தேன். மனிதர் தானே ரசம் வைத்திருக்கிறார். தண்ணீராக ஓடுகிறதே என்று சூப்புக்குப் போடும் சோளமாவைக் கரைத்து ஊற்றியிருக்கிறார்.

"ஏனுங்க பட்லரே, இது ரசமுங்களா, பசையுங்களா?" என்று துரைசாணி கேட்டாராம். இத்தனை நாள் சமைத்தது நான்தான் என்ற உண்மையை இவர் நின்ற இடத்திலேயே கொட்டிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் எனக்கு ஆள் வந்தது. முன்வாசல் வழியாகவே போனேன். துரைசாணி என்னைவிட இளையவர், சிரித்த முகம். பக்கத்தில் இவர் தட்டைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"நாளையிலிருந்து சமையலுக்கு நீங்களே வந்துருங்க. சம்பளம் என்ன வேணுமுங்க?" என்றார் துரைசாணி.

நான் வாயைத் திறக்குமுன் இவர் முந்திக்கொண்டார். "மலையில வாங்குற கூலியே அவளுக்குப் போதும்மா."

"அவரு சம்பளத்த அவரு பேசிட்டாரும்மா. என் சம்பளத்த எங்கிட்டப் பேசுங்க" என்றேன்.

துரைசாணி சிரித்தார். "சரி, நீங்களே சொல்லுங்க."

"தினமும் முழுப்பேரு வேணும். அதுபோக மாசம் பத்து ரூவா. என் கையில குடுக்கணும்."

"இப்பத்தானுங்க சமையலுக்குன்னு பட்லருக்குப் பத்து ரூபா கூட்டுனோம்?"

"அந்தப் பத்தத்தாம்மா கேக்கேன்" என்றேன்.