லிஃப்ட்டை விட்டு இறங்காத பெரியப்பா

என் பெரியப்பா ஓர் ஆறு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் ஓட்டுகிறார். முக்காலியில் உட்கார்ந்தே எடை நூற்றிரண்டு கிலோவாகிவிட்டது. "சோத்தப் பாதியாக்குங்க, தினம் படியேறுங்க, இல்லேன்னா முட்டி போயிரும்" என்று டாக்டர் பாட்டாகவே பாடிவிட்டார். சோற்றைக் குறைத்தாயிற்று. படியேறத்தான் வழியில்லை. அவர் இறங்கினால், லிஃப்ட் தானாகவே ஓடுவதை மேனேஜர் பார்த்துவிடுவார். அப்புறம் வேலை போய்விடும்.

நேற்று கூட்டம் ஏறியதும், எடை கூடிவிட்டதென்று லிஃப்ட் மணி அலறியது. பெரியப்பா வயிற்றை எக்கி மூச்சைப் பிடித்தார். மணி நிற்கவில்லை.

"அண்ணே, நீங்க இறங்குங்க. பட்டன நாங்களே அமுக்கிக்கிறோம்" என்றாள் டைப்பிஸ்ட். மேனேஜரும் உள்ளேதான் நின்றார்.

"அம்மாடி, இது என் விரல் பட்டாத்தான் அசையும்!"

"சரி, நான் படியேறிக்கிறேன். உடம்புக்கும் நல்லதுதானே" என்று மேனேஜர் இறங்கிக்கொண்டார். அவர் தாவி ஏறுவதை ஏக்கத்தோடு பார்த்தபடியே பெரியப்பா பட்டனை அமுக்கினார்.